பழைய வாடிக்கையாளருக்கு என்ன விலை?



பள்ளிக்கென்று ஒரு மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்குகிறோம். சில ஆண்டுகளில் அதன் புதிய பதிப்பு வெளிவருகிறது. முன்பே வாங்கியவர் அதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? புதிதாக வாங்குபவர் கொடுக்கும் அதே தொகையா? பாதியா? அல்லது ஒன்றுமே கொடுக்க வேண்டாமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இக்கேள்வி எழும்போதெல்லாம் குரல்கள் உயர்வதைக் கண்டிருக்கிறேன். இது வெறும் கணினிச் சங்கதி அன்று. சிற்றுண்டிச்சாலை நாளில் நாசி லெமாக்கும் முறுக்கும் விற்றுச் சேர்த்த பணம் எங்கே போகிறது என்பதைப் பற்றியது.

மென்பொருளின் விலை சற்று விந்தையானது. முதல் படியை உருவாக்குவதற்குத்தான் பெருஞ்செலவு. இரண்டாம் படிக்கு ஆகும் செலவு ஒரு குறுவட்டின் விலைதான். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் இந்நாளில் அதுவும் இல்லை. ஆகவே நாம் கொடுப்பது பொருளுக்கான விலையைவிட அதை எழுதியவரின் உழைப்புக்கான கூலி என்பதே பொருந்தும். முதல் பதிப்பை வாங்கியவர் அடித்தளம் போடுவதற்குக் கூலி கொடுத்திருக்கிறார். அடுத்த பதிப்பு அந்த அடித்தளத்தின் மேல்தான் எழும்புகிறது. எனவே, புதிதாகச் சேர்க்கப்பட்டவற்றுக்கு மட்டும் அவரிடம் பணம் கேட்பதே முறை. மென்பொருள் நிறுவனங்களும் பல்லாண்டுகள் இதை ஏற்றே நடந்தன. அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப் 2010-இல் ஐந்தாம் கிரியேட்டிவ் சூட் தொகுப்பில் வந்தபோது, புதியவருக்கு 699 அமெரிக்க டாலர். பழைய பதிப்பை வைத்திருந்தவருக்கு 199 டாலர்.

நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கே.எஸ்.எஸ்.ஆர். எனும் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கியது. அக்கலைத்திட்டத்தையொட்டி, தமிழ்மொழிப் பாடத்துக்கான வினாவங்கி மென்பொருள் ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கியிருந்தோம். 2017-இல் கலைத்திட்டத்தின் சீராய்வுப் பதிப்பு முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, ஆண்டுக்கொரு வகுப்பாக மேலேறியது. அதற்கேற்ப அந்த மென்பொருளின் புதிய பதிப்பும் வந்தது. விலை 600 வெள்ளி. பழையவருக்கும் அதே விலைதான். ஒரு காசு குறைவில்லை.

கூட்டத்தில் லாரி ஓட்டும் தந்தையொருவர் எழுந்தார். "சார், போன தடவயே முழுக் காசு கட்டிட்டோம். இப்பவும் முழுக் காசுன்னா, நம்மளும் புது ஆளும் ஒண்ணா?" என்றார்.

துணிக்கடை வைத்திருக்கும் இன்னொருவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "அண்ணே, போன தீபாவளிக்கு நம்ம கடையில சட்டை எடுத்தீங்க. அதுக்காக இந்தத் தீபாவளிச் சட்டைய பாதி விலைக்குக் கேப்பீங்களா?"

மண்டபமே சிரித்தது. வணிகருக்கே உரிய கூர்மையான வாதம் அது. ஆனால், அந்தச் சட்டை உவமையில் ஓர் ஓட்டை உண்டு. புதுச் சட்டை விற்பனைக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சட்டை கிழிந்துவிடுவதில்லை. கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் போவதுமில்லை.

எங்கள் பள்ளியில் பூட்டு விழுந்தது. மென்பொருளை நிறுவியிருந்த கணினி பழுதாகி, வேறு கணினிக்கு மாற்ற வேண்டிய நிலை. அதற்குப் புதிய செயற்படுத்தும் எண் தேவை. பழைய பதிப்புக்கு இனி எண் வழங்குவதில்லை என்றார் விற்பனையாளர். போகட்டும், அவர் தந்த வினாக்கள் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால், எங்கள் மூத்த ஆசிரியை ஒருவர் இலக்கணம், மொழியணிப் பகுதிகளுக்கென நானூறுக்கும் மேற்பட்ட வினாக்களைத் தம் கைப்படத் தட்டச்சு செய்து அதனுள் சேர்த்து வைத்திருந்தார். வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள், இணைமொழி, மரபுத்தொடர்... ஒவ்வொன்றும் மாணவர் செய்யும் பிழைகளைப் பார்த்துப் பார்த்து அமைத்தவை. அக்கோப்பின் படி எங்களிடம் இருந்தது. ஆனால், அந்த மென்பொருளைத் தவிர வேறெதிலும் அது திறக்காது. அதாவது, அந்த 600 வெள்ளியில் ஒரு பகுதி, ஆசிரியையின் சொந்த உழைப்பைத் திரும்பப் பெறுவதற்கான தொகை. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தள்ளுபடி தருவதும் தராததும் விற்பவர் விருப்பம் என்றே வைத்துக்கொள்வோம். நாம் எழுதியதை நாமே படிப்பதற்குக் கட்டணமா?

எங்கள் பள்ளிக்கு நேர்ந்தது சிறிய அளவிலானது. தமிழ் அச்சுத்துறையினர் இதைவிடப் பெரிய அளவில் ஓர் இக்கட்டைச் சந்தித்தனர். அதைப் பற்றி ஆசிரியர்கள் அதிகம் பேசக் கேட்டதில்லை.

நம் பள்ளி மலர்கள் பலவும் ஒரு காலத்தில் பேஜ்மேக்கரில் உருவானவை. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. அதற்குப் பின் அடோபி நிறுவனம் இன்டிசைன் பக்கம் தன் வாடிக்கையாளரை அழைத்தது. இன்டிசைன் 2003, 2005, 2007, 2008, 2010 என்று புதுப்புதுப் பதிப்புகளாக வந்துகொண்டே இருந்தது. இவற்றுள் எதிலும் ஒருங்குறித் தமிழை முறையாகக் கோப்பதற்கான வசதி பயனரின் கைக்கு வெளிப்படையாக வரவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் கொடுமையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். தமிழுக்கு ஒன்றும் புதிதாக இல்லாத பதிப்புக்குத் தமிழ் அச்சகத்தார் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? பழைய எழுத்துருக்களோடு, பழைய பதிப்பிலேயே பலர் காத்திருந்தனர். அது கஞ்சத்தனம் அன்று, கணக்கு.

2012-இல் ஆறாம் கிரியேட்டிவ் சூட் தொகுப்பில் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கான ஆதரவு வந்தது. காத்திருந்தவர்கள் வாங்க வேண்டிய பதிப்பு அதுதான். ஆனால், அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2011 நவம்பரில், மேம்பாட்டு விலைக்கான விதியை நிறுவனம் இறுக்கியது. அதுவரை மூன்று பதிப்புகள் பின்தங்கியவருக்கும் சலுகை விலை இருந்தது. இனி ஐந்தாம் தொகுப்பை வைத்திருப்பவருக்கு மட்டுமே என்றனர். பயனர்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. 2012 ஜனவரியில் சற்று இறங்கி வந்து, மூன்றாம், நான்காம் தொகுப்பு வைத்திருப்பவருக்கு அவ்வாண்டு டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தனர். 2005-இல் வாங்கிவிட்டுத் தமிழுக்காகக் காத்திருந்தவருக்குப் பழைய விதியிலும் இடமில்லை, புதிய விதியிலும் இடமில்லை. 2013 மே மாதத்தில், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்தனர். ஆக, தமிழ் ஒழுங்காக வந்து சேர்ந்த தொகுப்பே, சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசித் தொகுப்பாகவும் அமைந்தது.

இதில் சூழ்ச்சி இருப்பதாக நான் கருதவில்லை. தமிழை மனத்தில் வைத்து அவர்கள் விதி எழுதவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பதிப்பையும் வாங்குபவரே நல்ல வாடிக்கையாளர் என்று வகுத்த விதி, தமக்குப் பயனுள்ளதை மட்டும் வாங்குவோம் என்றிருந்தவரை ஒதுக்கிவிட்டது. சிறிய மொழிச் சந்தையில் இருப்பவருக்கு இந்த இடி எப்போதும் கூடுதலாகவே விழும்.

மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஆபிஸ் 2007 வரை இருந்த மேம்பாட்டு விலையை 2010-ஆம் பதிப்பில் நிறுத்திவிட்டது. இலவச மேம்பாடும் எல்லா நேரமும் இலவசமாக அமைவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதற்கடுத்த விண்டோஸ் 11-க்குத் தனி விலை கேட்கவில்லை; ஆனால், சற்றுப் பழைய கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. மென்பொருளுக்கு மிச்சப்பட்ட பணம் கணினிக்குப் போகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கென மென்பொருள் செய்பவர் அடோபி அல்லர். பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு மூன்று பேராக அமர்ந்து உழைப்பவர்கள். மலேசியாவில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூற்றுச் சொச்சம். அவருடைய சந்தை அவ்வளவுதான். அதிலும் ஒரு பள்ளி வாங்கிய குறுவட்டு எத்தனை பள்ளிகளுக்குக் கைமாறியது என்பதை நாமெல்லாம் அறிவோம். "நம்ம தமிழர்தானே, ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று படியெடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. பத்துப் பள்ளிகள் பயன்படுத்தி ஒரு பள்ளி மட்டும் பணம் கட்டினால், அடுத்த பதிப்பின் செலவு முழுவதும் அந்த ஒரு பள்ளியின் தலையில்தான் விழும். பழைய வாடிக்கையாளருக்கு முழு விலை வைத்தவரின் கணக்கேட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் இந்த வரி இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். கலைத்திட்டம் மாறும்போது வினாக்கள் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டும் என்பதும் உண்மை. அதற்குக் கூலி கேட்பதைத் தவறென்று சொல்லேன்.

சங்கத்தின் சார்பில் விற்பனையாளருக்குக் கடிதம் எழுதினோம். தள்ளுபடி கேட்கவில்லை, பழைய பதிப்புக்கு ஓர் எண் மட்டும் கேட்டோம். மூன்று வாரங்கள் கழித்து வந்தது. ஆசிரியையின் வினாக்கள் அனைத்தையும் அச்சிட்டெடுத்து, ஒருங்குறியில் மீண்டும் தட்டச்சு செய்து, எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்பாகச் சேமித்தோம். நான்கு ஆசிரியர்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. புதிய பதிப்பை அவ்வாண்டு வாங்கவில்லை.

அதன்பின் எங்கள் சங்கம் எதை வாங்கும் முன்பும் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டது. பிழைதிருத்தம் இலவசமா? இடையில் ஒரு பதிப்பை வாங்காமல் விட்டால் சலுகை உண்டா? ஆசிரியர்கள் உள்ளிட்டவற்றை வேறு வடிவில் வெளியே எடுக்க முடியுமா? முதலிரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் வந்துவிடும். மூன்றாவதற்குத்தான், "கேட்டுச் சொல்கிறோம், சார்" என்பார்கள்.