சப்வூஃபர் வாங்கப் போன கதை

போன செமஸ்டர் நம்ம வகுப்புப் பசங்க எடுத்த குறும்படத்துக்கு நான்தான் இசை. கல்லூரி அரங்கத்துல போட்டாங்க. என் கிக் டிரம் தும் தும்னு அதிர்ந்ததுல, அம்மா பேசுற கடைசி வசனம் ஒருத்தருக்கும் கேட்கலை. படத்தோட உயிரே அதுதான். இயக்குநர் இன்னும் என்கூடப் பேசலை.

வீட்டுல கேட்டப்போ பேஸ் பத்தவே இல்லைங்க, அதான் ஏத்திட்டேன். 5 இன்ச் மானிட்டரோட லட்சணம் இவ்வளவுதான், சப்வூஃபர் வாங்கிடலாம்னு காசும் சேர்த்தேன். வாங்குறதுக்கு முன்னாடி 56 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு அறைக்குள்ள நடந்து பார்த்தேன். மூலையில காதை அடைக்குது. என் நாற்காலிக்கு வந்தா சத்தத்தையே காணோம்!

ஏன் 56? என் அறை 10க்கு 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஒலியோட வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா 56 வரும். அந்த அலை சுவரோரம் உரக்கக் கேட்கும், நடுவுல செத்துடும். நான் ஃபேன் காத்துக்காக உட்கார்ந்திருந்தது நட்டநடுவுல. சப்வூஃபர் வெச்சாலும் அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்தான் சண்டைக்கு வருவார்.

1978ல வந்த யமஹா என்எஸ்-10ல பேஸ் ரொம்பவே கம்மி. ஆனாலும் பெரிய பெரிய ஸ்டூடியோக்கள்ல அதை வெச்சுத்தான் மிக்ஸ் பண்ணினாங்க.

மேசை, நாற்காலி, மானிட்டர் எல்லாத்தையும் ரெண்டடி சுவர்ப் பக்கம் தள்ளினேன். செலவு பூஜ்யம், காத்துதான் வரலை. கிக்கைக் குறைச்சு மறுபடி மிக்ஸ் பண்ணி அனுப்பியிருக்கேன். டேய் இயக்குநரே, இதைப் படிச்சா போன் பண்ணுடா.