பன்னிரண்டு கூடைகளும் ஒரு தட்டும்



இவ்வாரத் தியானத்திற்கு யோவான் சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பு உங்களிடம் ஓர் அறிக்கை செய்ய வேண்டும். அந்த அதிகாரத்தின் ஒரு வசனத்தை நான் என் வீட்டில் பிரம்பாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அவனுக்கு எட்டு வயதாயிருந்தபோது, ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் கத்தரிக்காய் சாம்பார் சாதத்தை அவன்முன் வைத்தோம். அவன் தட்டைத் தள்ளினான். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவரே துணிக்கைகளையும் சேர்க்கச் சொன்னார் என்று நினைவூட்டி, "முடித்துவிட்டுத்தான் எழவேண்டும்" என்றேன். ஒரு மணி நேரம் அவன் அசையாமல் அமர்ந்திருந்தான். பின்பு ஒரு கவளத்தை நானே வலிந்து ஊட்டினேன். அவன் வாந்தியெடுத்தான். அதன்பின் பல நாட்கள் நான் அமர்ந்த பந்தியில் அவன் உட்காரவில்லை.

"என்னங்க, அவன் அடம் பிடிக்கவில்லை, அவனால் முடியவில்லை" என்றார் என் மனைவி. வேதத்தை எனக்குச் சரியாக விளக்கியது அன்று அந்த வார்த்தைதான்.

மீண்டும் அந்த அதிகாரத்தை வாசித்தேன். ஆண்டவர் அப்பத்தையும் மீனையும் அவரவர் விரும்பிய அளவே கொடுத்தார். அனைவரும் திருப்தியடைந்த பின்புதான் மீதியானதைச் சேர்க்கச் சொன்னார். அந்தக் கட்டளையும் சாப்பிட்டவர்களுக்கு அல்ல, சீஷர்களுக்கே கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஒருவர் வாயிலும் ஒன்றும் திணிக்கப்படவில்லை. வீணாக்காதிருப்பது பரிமாறுகிறவனின் கடமை. நானோ அதைச் சாப்பிடுகிற பிள்ளையின்மேல் சுமத்தியிருந்தேன்.

பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கும் சகோதரி ஒருவர் பின்னர் எங்களுக்கு விளக்கினார். சாம்பார் சாதத்தின் ஒவ்வொரு வாயும் வேறுவேறு. ஒன்றில் கடுகு, ஒன்றில் குழைந்த கத்தரிக்காய், ஒன்றில் கறிவேப்பிலை. அடுத்து நாவில் என்ன படும் என்று அறியாதது அவனுக்கு அச்சம். மொறுமொறுப்பான தோசையோ முதல் விள்ளலிலிருந்து கடைசி விள்ளல் வரை ஒன்றேபோல் இருக்கும்.

அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சமைப்பதா? போதகர் குடும்பத்தின் வருமானம் அதற்கு இடங்கொடாது. அப்பத்திற்கு எத்தனை பணம் வேண்டும் என்று பிலிப்பு கணக்கிட்டதுபோலத்தான் எங்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் கணக்கு நடக்கிறது. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியும் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் கிடைப்பது பெரிய உதவி. அந்த இரண்டையும் கொண்டே என் மனைவி ஒரு வழி கண்டார்.

பருப்பை மஞ்சளும் உப்பும் இட்டு ஒரே பாத்திரத்தில் வேகவைப்பார். தாளிக்கும் முன் இரண்டு கரண்டி எடுத்து வைத்தால் அது மகனுக்கு. மீதிப் பருப்பில் புளியும் காயும் சேர்ந்தால் எங்களுக்குச் சாம்பார். எங்கள் மகளுக்கு ஏ.டி.எச்.டி. உண்டு. விளையாட்டில் பசியையே மறந்துபோவாள். பந்தியில் நெடுநேரம் அமரவும் அவளால் இயலாது. அவளுக்கு வேகவைத்த நிலக்கடலையோ சுருட்டிய தோசையோ கையில் கொடுத்தால் போதும். அடுப்பு ஒன்று, செலவு ஒன்று, தட்டுகள் மட்டும் வேறு. குக்கர் விசில் மகனைக் கலங்கச் செய்வதால், அவன் பள்ளியில் இருக்கும்போதே பருப்பு வெந்துவிடும்.

புதிய உணவு ஒரு தேக்கரண்டி அளவே தனிக் கிண்ணத்தில் வரும். அவன் பார்க்கலாம், தொடலாம், முகரலாம்; உண்ண வேண்டும் என்ற கட்டாயமில்லை. தோசை மாவில் ஒரு சிட்டிகை கேரட் துருவலில் தொடங்கினோம். இன்று ஒரு கைப்பிடி சேர்த்தாலும் உண்கிறான். கத்தரிக்காய் இன்னும் அவன் தட்டை அடையவில்லை. அதற்காக நான் இப்போது வருந்துவதில்லை.

மீதியானதோ இன்று எங்கள் வேலை. பருப்பு மறுநாள் சப்பாத்தி மாவில் சேரும். புளித்த மாவு பணியாரமாகும். மகன் மீத்த சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் எனக்குப் பழைய சோறு. அன்று நான் முடிக்கச் சொன்னதை இன்று நானே முடிக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை உண்ணும் வகைகள் குறைந்துகொண்டே வந்தாலோ, எடை இறங்கினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சபைக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஐக்கிய விருந்தில் பிரியாணியோடு சிறிதளவு வெறும் சோறும் தயிரும் அவித்த முட்டையும் தனியே வைப்போம். ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காத பிள்ளை வெளியே மரத்தடியில் அமர்ந்து சாப்பிடட்டும். "ஏன் இவன் சாப்பிடவில்லை, கண்டித்து வளர்க்கக்கூடாதா?" என்று அவன் தாயைக் கேளாதிருப்போம். அந்தக் கேள்விக்கு அஞ்சி விருந்துக்கு முன்பே வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அப்படித் திரும்பியிருக்கிறது.

ஜெபிப்போம்: ஆண்டவரே, பசியை அறிந்து பரிமாறினவரே, எங்கள் கண்டிப்பை உமது சித்தமென்று எண்ணினதை மன்னியும். எங்கள் பந்தியில் ஒரு பிள்ளையும் அச்சத்தோடு அமராதபடி எங்களுக்குப் பொறுமை தாரும். மீதியானதைச் சேர்க்கும் கைகளாக எங்களை ஆக்கும். ஆமென்.