மணி அடித்த பின்பு

சீட்டாட்டத்தைப் பற்றிப் பங்குத்தந்தை ஒருவர் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் சொல்ல வருவது பணம் வைத்தாடும் சூதைப் பற்றியன்று. மேட்டுப்பாளையத்தில் நமது பங்கின் இளையோர், சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ‘இருபத்தெட்டு’ப் போட்டி ஒன்றை நடத்தினர். கேரளத்தில் பெருவழக்கான ஆட்டம் அது. சீட்டுகள் 32, ஆடுவோர் நால்வர், எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஆகமொத்தம் 28. பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா. ‘கோயில் மண்டபத்தில் சீட்டா?’ என்று கேட்டவர்களும் இருந்தனர். அவர்களுள் இருவர் பின்னர்ப் பெயர் கொடுத்து ஆடினர் என்பது வேறு கதை.

பதினாறு இணைகள், தோற்ற இணை வெளியேற வேண்டும். முதல் நாள் இரவு கால வரம்பு எதுவும் இல்லை. ஒரு மேசை மட்டும் பதினொன்றரை மணிவரை எழவில்லை. வீட்டிலிருந்து பெண்கள் ஆளனுப்பத் தொடங்கினர். மறுநாள் இளையோர் கூடி, ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம், மணி அடிக்கும்போது புள்ளியில் முன்னிற்பவரே வென்றவர் என்று விதித்தனர். நாமும் இசைந்தோம். நாமே நடுவர், மறைக்கல்வி வகுப்பின் கைமணி நமது கையில்.

அரையிறுதியில் ஒரு முதியவர் தம் மருமகனுடன் அமர்ந்திருந்தார். உதகை மலை இரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கொள்ளும் வண்டியோடு வாழ்ந்தவருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? எதிரே இரண்டு இளைஞர்கள், ஒரு புள்ளி முன்னே. கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் ஆடிய ஆட்டம் சீட்டில் இல்லை. ஒருவன் தண்ணீர் கேட்டான். மற்றவன் கலைத்த கட்டையே மீண்டும் கலைத்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் கூரையைப் பார்த்தான். நமக்குப் புரிந்தது. ஆனால் சிந்திப்பதையும் சிந்திப்பதுபோல் நடிப்பதையும் எந்தத் தராசில் நிறுப்பது?

முதியவர் 20 கேட்டிருந்தார். இருபதும் அதற்கு மேலும் கேட்டு வென்றால் இரண்டு புள்ளி என்பது எங்கள் கணக்கு. ஐந்து பிடிகள் முடிந்து 17 அவர் பக்கம் சேர்ந்துவிட்டது. மூன்று பிடிகள் மீதம். நாற்பதாவது நிமிடம் வந்தது. நாம் மணியை அடித்தோம்.

அவர் கைச்சீட்டுகளை மெல்ல மேசைமேல் மலர்த்தி வைத்தார். நடுவில் துருப்பு ஜாக்கி. அதை வெட்ட எந்தச் சீட்டும் இல்லை.

“நான் இன்னும் எறக்கலீங்களே, சாமி” என்றார்.

“விதி விதிதானே, ஐயா” என்றோம்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு திருப்பலிக்கு வழக்கம்போல் வந்தார். மண்டபத்துப் பக்கம் வரவில்லை.

அதன்பின் இப்பொருளைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தோம். 1851-இல் இலண்டனில் நடந்த முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியும் தோற்றவர் வெளியேறும் போட்டியே. பதினாறு பேர், கால வரம்பு இல்லை. எலைஜா வில்லியம்ஸ் என்பவரின் ஆமைவேகத்தைப் பற்றி ஸ்டாண்டன் நொந்து புலம்பினார்; அவரிடம் தோற்கவும் செய்தார். பிறகு மணற்கடிகாரமும், 1883-இல் இரட்டைக் கடிகாரமும் வந்தன. அவரவர் தாமதம் அவரவர் கணக்கில். 2023 ஆகஸ்ட் 17 அன்று பாகு நகரில், உலகக் கோப்பைக் காலிறுதியில் நம் சென்னைப் பிள்ளை பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் சமநிலை முறிக்க அமர்ந்தபோது, ஆளுக்கு 25 நிமிடம், 10, 5 என நேரம் குறுகிக் குறுகி, இறுதியில் 3 நிமிட ஒற்றை ஆட்டத்தில் 5–4 என்று தீர்ந்தது. கடுமையான முறைதான், ஆயினும் ஒருவர் நேரத்தை மற்றவர் உண்ண முடியாது.

சீட்டில் அது இயலாது. நால்வரின் நேரமும் ஒரே மேசையில் கலந்து கிடக்கிறது. பிரிட்ஜ் ஆட்டத்தின் சட்டங்கள், எதிரியைக் குலைக்கும் நோக்குடன் வேண்டுமென்றே ஆட்டத்தை நீட்டுவதைத் தகாதது என்கின்றன; மட்டுமீறிய தாமதத்துக்குத் தண்டமும் உண்டு. கூட்டாளியின் தயக்கத்திலிருந்து குறிப்பறிந்து ஆடுவதும் குற்றம். ஆனால் இவற்றையெல்லாம் தீர்ப்பது கடிகாரம் அன்று. அருகில் நிற்கும் நடுவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வென்றபோது அவர்களுக்கு வயது 60, 56. நம் வயதினர் என்பதால் நமக்கு அற்ப மகிழ்ச்சி.

நமது பிழை மணியில் இல்லை. மணியிடம் தீர்ப்பை ஒப்படைத்துவிட்டு நாம் சும்மா இருந்ததில் இருந்தது. அந்த இளைஞனை ஒருமுறை எச்சரித்திருக்கலாம். கடுஞ்சொல் சொல்லி விழாவைக் கெடுப்பானேன் என்ற தயக்கம். நேர்மையாகச் சொன்னால், இளையோரின் முகக்கோணலுக்கு அஞ்சினோம்.

அடுத்த ஆண்டு விதியைத் திருத்தினோம். முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஓர் அறிவிப்பு. மணி அடித்த பின் புதிய சீட்டுப் பங்கீடு கிடையாது. ஆனால் தொடங்கிய ஆட்டம் கடைசிப் பிடிவரை ஆடப்பெறும். வேண்டுமென்று இழுத்தால் நடுவர் ஒரு புள்ளியைக் குறைப்பார். இதைச் சொல்லி அழைப்பதற்காகவே முதியவரின் இல்லத்துக்குச் சென்றோம். திண்ணையில் அமரவைத்துத் தேநீர் தந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல ஏற்பாடுங்க, சாமி” என்றார். சற்று நேரம் கழித்து, “அப்போ போன வருசத்து ஆட்டம்?” என்றார்.

நாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தோம்.