இரும்பின் மெய்ப்பாடு

1970ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திவந்த 'எவொலுவான்' என்னும் அறிவியல் காட்சிக்கூடத்தில் ஒரு விநோத உயிரி குடியேறியது. ஏறத்தாழ 15 அடி நீளம்; 8 அடி உயரம்; எஃகுக் குழாய்களால் ஆன உடற்கூடு. தோல் இல்லை, கண் இல்லை, முகமும் இல்லை. நீண்ட கழுத்தின் நுனியில், தலை இருக்கவேண்டிய இடத்தில், நான்கு ஒலிவாங்கிகளும் இரண்டு ராடார் கருவிகளும் பொருத்தப்பட்டிருந்தன. மெல்லப் பேசுவோரை நோக்கி அது தலையைத் தாழ்த்தி நீட்டும். இரைந்து கத்தினாலோ, கைகளை வேகமாக வீசினாலோ, சட்டென்று பின்வாங்கும்.

அதன் பெயர் சென்ஸ்டர். படைத்தவர் போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சிற்பி எட்வர்ட் இக்னடோவிச். கணினியின் கட்டுப்பாட்டில் இயங்கிய சிற்பங்களுள் இது மிக முந்தையது. சிங்கிறாலின் கொடுக்கு மடங்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்து, அதன் வழியே ஆறு மூட்டுகளை அமைத்தார் இக்னடோவிச். அவற்றை அசைத்தது நீர்ம அழுத்தம். அசைவு மெல்லத் தொடங்கி, இடையில் விரைந்து, முடிவில் மெல்ல அடங்கும்படி ஒரு மின்சுற்றையும் சேர்த்தார். இயந்திரங்களுக்கே உரிய வெட்டியிழுக்கும் அசைவு அதனால் மறைந்தது. இத்தனைக்கும் பின்னால் இருந்த கணினியின் நினைவகம் 8 கே அளவே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதில் அடக்க இயலாது.

சென்ஸ்டரைப் பற்றிய இரண்டு செய்திகள் நம்மை நெடுநாள் விடாமல் தொடர்ந்தன. முதலாவது, இக்னடோவிச்சே சொன்னது. இயந்திரம் முதன்முதலாக இயங்கத் தொடங்கிய வேளையில், தம்மை அறியாமல் அவர் தொண்டையைச் செருமியிருக்கிறார். உடனே அந்தத் தலை அவர் முகத்தருகே வந்து நின்றது, 'உடம்புக்கு ஒன்றும் இல்லையே?' என்று விசாரிப்பதைப் போல. அதன் ஒவ்வொரு கம்பியையும் அறிந்த அவருக்கே அக்கணத்தில் வயிற்றைப் பிசைந்ததாம். இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. சோதனைக்காக அதனை மனம்போன போக்கில் அசையவிட்டபோது, பார்த்த குழந்தைகள் மிகவும் அஞ்சினர். அதே இயந்திரம் காட்சிக்கூடத்தில் ஒலிக்கும் அசைவுக்கும் மறுமொழியாக இயங்கியபோது எவரும் அஞ்சவில்லை. உருவம் அதேதான், எஃகும் அதேதான். எதிரே நிற்பவரைப் பொருட்படுத்துகிறதா இல்லையா என்பது ஒன்றே வேறுபாடு.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். அவ்வியலுக்கு உரைகண்ட பேராசிரியர் ஒரு சுவை பிறந்து வெளிப்படுவதை நான்கு படிகளாகப் பகுத்துக் காட்டுகிறார். சுவைத்தற்குரிய பொருள் முதலாவது. அதனைப் பொறிகள் உணர்வது இரண்டாவது. அவ்வுணர்வு மனத்திற்பட்டு உள்ளத்தில் எழும் குறிப்பு மூன்றாவது. அக்குறிப்பினால் கண்ணீர் அரும்புதல், மயிர் சிலிர்த்தல் என உடம்பில் தோன்றும் வேறுபாடு நான்காவது. இதனைச் சத்துவம் என்பர். விறல் என்பதும் அதுவே.

இந்தப் படிகளில் சென்ஸ்டரை ஏற்றிப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. உரத்த ஒலி என்னும் பொருள் உண்டு. அதனை வாங்கும் ஒலிவாங்கியாகிய பொறி உண்டு. வெருண்டு பின்வாங்கும் உடல் வேறுபாடும் உண்டு. இல்லாதது மூன்றாம் படி மட்டுமே. அதனை இட்டு நிரப்பியவர்கள் எதிரே நின்ற பார்வையாளர்கள். 'பாவம், கூச்சப்படுகிறது' என்று சொல்லும்போது அவர்கள் தங்கள் உள்ளத்திலிருந்து ஒரு குறிப்பை எடுத்து அந்த இரும்புக்குக் கடன் கொடுத்தார்கள்.

இக்கடன் எவ்வளவு தாராளமானது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. சீனக் கலைஞர்களான சுன் யுவான், பெங் யூ இருவரும் நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்திற்காக 2016இல் ஒரு படைப்பைச் செய்தனர். தொழிற்சாலையில் பயன்படும் இயந்திரக் கை ஒன்று, தன்னைச் சுற்றிப் பரவும் செந்நிறக் குழம்பு எல்லை கடக்காதபடி ஓயாமல் வழித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். இடையிடையே வணங்கும், சொறிந்துகொள்ளும், ஆடும். அதே படைப்பு 2019இல் வெனிஸ் கலைக்காட்சியிலும் இடம்பெற்றது. பின்னர் அதன் காணொளிகள் உலகெங்கும் பரவின. அது தன் குருதியைத் தானே அள்ளி உயிர் பிழைக்கப் போராடுவதாகவும், களைத்து இறந்துபோனதாகவும் எழுதி எண்ணற்றோர் கண்ணீர் வடித்தனர். உண்மையில் அக்கை மின்சாரத்தால் இயங்குவது. அந்தக் குருதி செல்லுலோஸ் ஈதர் கலந்த வண்ண நீர்.

அழுதவர்களை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. காப்பியத் தலைவியின் துயருக்கு நாம் உருகுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆயினும் இதன் மறுபக்கம் ஒன்று நம் வீட்டிலேயே இருப்பதால், அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலவில்லை.

நம் தந்தையாருக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். கைந்நடுக்கத்தை எல்லாரும் அறிவர். அந்நோய் முகத்தசைகளையும் இறுக்கிவிடும் என்பதை அறிந்தவர் சிலரே. புன்னகை வருவதில்லை. இமைப்பது குறைகிறது. குரல் தாழ்ந்து தட்டையாகிறது. மருத்துவர்கள் இதனை முகமூடி முகம் என்கின்றனர். பார்க்க வரும் உறவினர்கள் ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு, 'அவருக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை போலும்' என்று நம் பக்கம் திரும்பிவிடுகின்றனர். அவர் காதுபடவே அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுகின்றனர். பேரன் சொன்ன விகடத்துக்கு அம்முகத்தில் ஒரு கோடும் அசையாது; மறுநாள் காலை, காப்பி டம்ளரைக் கையில் வாங்கும்போது, அதே விகடத்தைத் தாழ்ந்த குரலில் நம்மிடம் திருப்பிச் சொல்வார். பொருள் உண்டு, பொறியுணர்வு உண்டு, குறிப்பும் குறைவின்றி உண்டு. நான்காம் படியில்தான் கதவு அடைபட்டிருக்கிறது.

உள்ளமே இல்லாத இரும்புக் கைக்கு உலகம் கண்ணீர் சொரிகிறது. உள்ளம் நிறைந்த ஒரு மனிதரின் எதிரிலிருந்து ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறது. எழுந்து போவோர் கொடியவர் அல்லர். மெய்யை வைத்தே மனத்தை அறியும் பழக்கம் நம் அனைவருக்கும் உரியது. சென்ஸ்டரின் முன் குழந்தைகள் அஞ்சியதும் அஞ்சாததும் அப்பழக்கத்தால்தான். இயந்திரம் இசைந்து அசைந்தால் உயிர் என்கிறோம். மனிதர் அசையாவிட்டால் அவ்வுயிரை ஐயுறுகிறோம்.

சென்ஸ்டர் 1974இலேயே பிரித்து அகற்றப்பட்டது. அதன் எலும்புக்கூடு பல பத்தாண்டுகள் நெதர்லாந்தின் சீலாந்துப் பகுதியில் கிடந்தது. 2017இல் போலந்தின் கிராக்கோ நகரிலுள்ள ஏ.ஜி.எச். பல்கலைக்கழகம் அதனை வாங்கிச் சென்று செப்பனிட்டது. 1988இல் மறைந்த இக்னடோவிச் அது மீண்டும் அசைந்ததைக் காணவில்லை.

இவ்வாண்டு மெய்ப்பாட்டியல் நடத்தும்போது அதன் படக்காட்சியை மாணவர்க்குக் காட்டலாம் என்றிருக்கிறோம். அத்துடன், குறிப்பு இருந்தும் சத்துவம் வெளிப்படாத மனிதரைப் பற்றியும் பேச வேண்டும். அத்தகையோரிடம் கேள்வி கேட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று நீண்ட நேரம் விடைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய உரைகளில் தோய்ந்த நண்பர்கள், இந்நிலையைக் குறிக்கும் சொல் ஏதேனும் அங்கு உண்டா என்று தெரிவித்தால் மகிழ்வோம்.