நீதிபதிக்கு யான் கூறிய தீர்ப்பு

நீதிபதி குடிமகனுக்குத் தீர்ப்புக் கூறுதலை யாவரும் அறிவோம். குடிமகன் நீதிபதிக்குத் தீர்ப்புக் கூறும் முறையும் உலகில் உண்டு. அத்தகைய பொறுப்பு ஒரு நாள் எனக்கு வாய்த்தது. அன்று என் உள்ளம் பட்ட பாட்டினை ஈண்டு உரைப்பேன்.

பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்திற் பிறந்த யான், பிழைப்பு நாடி அமெரிக்கா சென்று, கொலராடோ மாநிலத்திற் குடியமர்ந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றேன். அங்கே வாக்குச் சீட்டு அஞ்சலில் வீடு தேடி வரும். 2018-ஆம் ஆண்டு முதன்முறையாக எனக்கு வந்த சீட்டைப் பிரித்தேன். கவர்னர் முதலிய பதவிகளை அடுத்து நீதிபதிகளின் பெயர்கள் நிரல்பட இருந்தன. அவர்களை எதிர்த்து நிற்பவர் எவருமிலர், கட்சிப் பெயருமில்லை. இன்னார் பதவியில் நீடிக்கலாமா என்பதொன்றே வினா. 'ஆம்', 'இல்லை' என்பனவே விடை.

இம்முறைக்கு வழிகாட்டிய மாநிலங்களுள் மிசூரி முதன்மையானது. நீதிபதியைக் கட்சி வேட்பாளராக நிறுத்தினால் அவர் கட்சித் தலைவருக்குக் கடன்பட்டவராவார். ஆயுள் முழுதும் அமர்த்தினாலோ கேட்பாரற்றவராதல் கூடும். ஆதலின் 1940-இல் அம்மாநில மக்கள் ஒரு நடுவழியை ஏற்றனர். தேர்வுக் குழு சிலரைப் பரிந்துரைக்கும். அவருள் ஒருவரைக் கவர்னர் நியமிப்பார். சிறிது காலம் கழிந்தபின் அவர் நீடிப்பதோ நீங்குவதோ மக்கள் கையிலுள்ளது. கொலராடோ 1966-இல் இவ்வழியைத் தழுவிற்று.

பெயர்களைப் படித்து வந்த யான் ஓரிடத்தில் திடுக்கிட்டேன். ஈராண்டுகளுக்கு முன் வீட்டு வாடகை முன்பணம் பற்றிய வழக்கொன்றில் எனக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர் அவர்! பணம் போனதினும் பலர் முன்னே தோற்ற மானக்கேடே என் நெஞ்சில் தைத்திருந்தது. பேனா தானாகவே 'இல்லை' என்னும் கட்டத்தை நாடிற்று. பழி தீர்க்க இதனினும் எளிய வழி யாது?

அக்கணத்தில் என் பாட்டனார் கூறிய பழங்கதைகள் நினைவுக்கு வந்தன. அவர் காலத்துத் தோட்டத்தில் கங்காணி வாக்கே சட்டம். வேண்டியவனுக்கு ஒரு நீதி. வேண்டாதவனுக்கு வேறொரு நீதி. அக்கொடுமையை எண்ணியெண்ணி வெகுண்ட குடும்பத்திற் பிறந்த யான், இன்று கையில் ஓர் எழுதுகோல் அகப்பட்டதும் கங்காணியாகி விடுவதோ? வெட்கினேன், பேனாவைக் கீழே வைத்தேன்.

வாக்காளர்க்கு அரசாங்கம் அனுப்பும் தகவல் நூலில் நீதிபதிகளைப் பற்றிய மதிப்பீடுகள் உள. வழக்கறிஞரும் பொதுமக்களும் அடங்கிய குழுக்கள், நேர்மை, சட்ட அறிவு, பொறுமை, தெளிவுரை ஆகியவற்றை ஆய்ந்து, அவர் தகுதி நியதியை எட்டினாரா இல்லையா எனக் கூறும். என்னைத் தோற்கடித்தவர் எட்டியவரே! ஆயினும் என் மனம் அமைதி கொள்ளவில்லை. சீட்டைத் திருப்பியனுப்ப நாளிருந்தமையால், ஒரு காலை அக்கோர்ட்டுக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்தேன்.

ஆங்கிலமறியாத மூதாட்டி ஒருவர் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தம் குறையை உரைத்தார். நீதிபதி குறுக்கிடாது கேட்டார். முடிவு அம்மூதாட்டிக்கு எதிராகவே அமைந்தது. எனினும் அதன் காரணத்தை எளிய சொற்களால் அவர் விளக்கினார். என் வழக்கிலும் அவ்வாறே விளக்கியிருந்தார். சினம் அன்று என் செவியை அடைத்திருந்தது. என்னிடம் கையெழுத்திட்ட ரசீது ஒன்றுமில்லை. அது என் பிழையேயன்றி அவர் பிழையன்று.

மக்களின் வாக்கு கூரிய வாள். அயோவா மாநிலத்து உச்ச நீதிமன்றம், ஒருபால் மணத்தை மறுத்த சட்டம் செல்லாதென 2009-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மேலெழுந்த சினத்தால், 2010 தேர்தலுக்கு வந்த மூன்று நீதிபதிகளும் பதவி இழந்தனர். தீர்ப்போ மாறவில்லை! கூட்டத்தின் கோபத்துக்கு அஞ்சித் தீர்ப்பளிக்கும் நீதிபதியிடம் சிறுபான்மையினர் யாது நீதி பெறுவர்? வேற்று நாட்டிற் சிறுபான்மையினனாய் வாழும் யானன்றோ இதனை முதலில் உணர்ந்திருத்தல் வேண்டும்!

அவர் பெயருக்கு 'ஆம்' என்றெழுதினேன். அதே சீட்டில் மற்றொருவர் தகுதி நியதியை எட்டவில்லையென மதிப்பீடு கண்டு, அதன் காரணங்களையும் படித்து, அவருக்கு 'இல்லை' என்றேன். அவரிடம் எனக்குப் பகையேதுமில்லை. தெரியாத பெயரென்று கட்டத்தை வெறுமையாக விடுவோர் பலர். அவ்வாறு விடுதலும் கடமை தவறுதலே.

நம் மலேசியாவில் நீதிபதிக்கு வாக்கிடும் முறை இல்லை. ஆயினும் சங்கத்திலும் குடும்பத்திலும் நமக்கு எதிராக நடுவர் ஒருவர் முடிவு கூறும் நாள் வரும். அன்று, எனக்குச் சார்பாகத் தீர்த்தாரா எனக் கேளாது, இருதரப்பையும் கேட்டுத் தீர்த்தாரா எனக் கேட்போமாக.