வண்டி ஸ்டார்ட் ஆகலையா? முதல்ல பட்டன்ல இருந்து கையை எடுங்க



ஆயுத பூஜை நெருங்குது. நிறைய பேர் மோட்டார்சைக்கிளைக் கழுவி, மாலை போட்டுக் கோயிலுக்குக் கொண்டு வருவீங்க. பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்காக இந்தப் பதிவு. நம்ம தொண்டூழியர்கள்ல பல பேர் துவாஸ், ஜூரோங் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க. விடிகாலை 4 மணிக்கு அன்னதானச் சமையலுக்கு வரணும்னா எம்ஆர்டி கிடையாது. வண்டிதான் கதி.

போன வருஷம் பூஜைக்கு மறுநாள், அண்ணன் ஒருத்தரோட வண்டி சிராங்கூன் ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுபோச்சு. 2002-ல எடுத்த வண்டி. ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். "கண்ணு பட்டுடுச்சு"ன்னு ஒருத்தர். "பேட்டரி போச்சு, மாத்துங்க"ன்னு இன்னொருத்தர். அண்ணன் ஸ்டார்ட்டர் பட்டனை விடாம அமுக்கிக்கிட்டே இருந்தார். நாங்க முதல்ல கையை எடுக்கச் சொன்னோம். ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல அமுக்கினா நல்லா இருக்கிற பேட்டரியும் படுத்துடும்.

தொழிற்சாலையில மெஷின் நின்னா நாங்க செய்யறதும் இதுதான். சுலபமானதை முதல்ல பாரு, காசு செலவாகிறதைக் கடைசியில பாரு. இன்ஜினுக்கு வேண்டியது காத்து, பெட்ரோல், தீப்பொறி. எது வரலைன்னு வரிசையா பார்க்கணும்.

1. சிவப்பு கில் சுவிட்ச் ஆஃப்ல இருக்கா? நியூட்ரல் பச்சை விளக்கு எரியுதா? சைட் ஸ்டாண்டு மேல இருக்கா? யாராவது கை வச்சிருப்பாங்க, நமக்குத் தெரியாது.

2. பட்டனை அமுக்கினா "டிக் டிக்"னு மட்டும் சத்தம், ஹாரனும் மங்கலா இருந்தா பேட்டரி பலவீனம். கிக்கர் இருந்தா உதைங்க. இல்லைன்னா இரண்டாவது கியர்ல தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்.

3. இன்ஜின் நல்லா சுத்தியும் பிடிக்கலைன்னா பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா அதிகமா போயிடுச்சுன்னு அர்த்தம். துடைச்சு, சோக்கை ஆஃப் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் விட்டு முயற்சி பண்ணுங்க. காஞ்சிருந்தா பெட்ரோல் வரலை. மழைக்குப் பிறகுன்னா பிளக் மூடிக்குள்ள ஈரம் இருக்கும், துணியால துடைங்க.

4. ரெண்டு மூணு மாசம் ஓட்டாத வண்டின்னா கார்புரேட்டருக்குள்ள பழைய பெட்ரோல் பிசினா படிஞ்சிருக்கும். அது மெக்கானிக் வேலை.

அண்ணன் வண்டியில இன்ஜின் நல்லா சுத்துச்சு, பேட்டரி சரி. பிளக் சுத்தமா காஞ்சு இருந்துச்சு. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, டேப்பும் திறந்திருக்கு. அப்போ நடுவுல எங்கேயோ அடைப்பு. டேங்க் மூடியைத் திறந்ததும் "உஸ்"னு காத்து உள்ளே போச்சு. மூடியில காத்து போக ஒரு சின்னத் துளை இருக்கும். முந்தின நாள் பூஜையில யாரோ பக்தியா, தாராளமா அப்பின சந்தனம் காஞ்சு அந்தத் துளையை அடைச்சிருக்கு! காத்து உள்ளே போகாம பெட்ரோல் கீழே இறங்கலை. ஈரத்துணியில துடைச்சு, ரெண்டு நிமிஷம் விட்டு அமுக்கினோம். பிடிச்சுக்கிச்சு. அண்ணனும் ஷிஃப்டுக்கு நேரத்தோட போயிட்டார். செலவு ஒரு காசு இல்லை.

அதனால சந்தனம், குங்குமத்தை ஹெட்லைட் பக்கம் வைங்க. டேங்க் மூடி, சாவித் துளை, பிரேக் டிஸ்க் பக்கம் வேண்டாம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைங்க, நசுக்கினதும் சக்கையைப் பெருக்கி எடுத்துடுங்க. பின்னால வர்றவர் வழுக்கி விழக்கூடாது.

விரைவுச்சாலையில வண்டி நின்னா அங்கேயே பிரிச்சுப் பார்க்காதீங்க. ஓரமா ஒதுங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. நிலப் போக்குவரத்து ஆணையத்தோட மீட்பு வண்டி இலவசமா பக்கத்து கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டு போய் விடும்.

இன்னொரு விஷயம். 2003 ஜூலை 1-க்கு முன்னாடி பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30 வரைக்கும்தான் சாலையில அனுமதி. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விதி, நியாயம்தான். ஆனா புதுசு எடுக்க சிஓஇ மட்டுமே 10,000 வெள்ளியைத் தாண்டின காலத்தையும் பார்த்துட்டோம். அந்த அண்ணன் சொல்றார், "பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு போன வண்டி, கடைசி நாள் வரைக்கும் நானே ஓட்டிப் போய் ஒப்படைப்பேன்." அப்படிப்பட்டவங்க நம்மள்ல இன்னும் சில பேர் இருக்காங்க. அதுவரைக்கும் வண்டியை நல்லா வச்சுக்குங்க. சேவைக்கு வரும்போது சந்தேகம் இருந்தா கேளுங்க, சேர்ந்து பார்ப்போம்.

எல்லாரும் பத்திரமா வந்து, பத்திரமா வீடு போய்ச் சேர அம்மன் அருள் புரியட்டும். 🙏