சுவிட்சை அணைத்தது போல

அப்பாவின் படகு மூன்றாவது முறையாக நடுக்கடலில் நின்றுவிட்டது என்று அம்மா போனில் சொன்னபோது நான் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்டில் இருந்தேன். தூண்டில்காரர்கள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு லுமுட்டிலிருந்து புலாவ் செம்பிலான் பக்கம் போயிருக்கிறார். திரும்பி வரும்போது இஞ்சின் பட்டென்று நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் அலையோடு மிதந்திருக்கிறார்கள். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் இஞ்சின் ஓடியிருக்கிறது.

"வித்துடச் சொல்லுப்பா. அறுபத்து மூணு வயசு. நீ சொன்னா கேப்பாரு," என்றார் அம்மா.

நான் சொன்னால் அப்பா கேட்பார் என்பது உண்மைதான். படகை விற்றுவிடலாம் என்று சொல்லத்தான் மாசி மகத்துக்கு முந்திய வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வருகிற நேரம்; தூண்டில் பயணமும் நிறைய கிடைக்கும். அந்த வாரம் நின்றால் அப்பாவுக்குக் கை கடிக்கும்.

அதற்குள் நிறையச் செலவாகியிருந்தது. டீசல் பில்டரை மாற்றினார்கள். டாங்கியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று அதைக் கழுவினார்கள். கடைசியில் இன்ஜெக்‌ஷன் பம்ப்பையே கழற்றி, 2,800 வெள்ளிக்குச் சரிபார்த்து மாட்டினார்கள். அடுத்த வாரமே மறுபடி நின்றது.

"எப்படிப்பா நிக்குது? இழுத்து இழுத்து நிக்குதா, டக்குனு நிக்குதா?" என்று கேட்டேன்.

"சுவிட்ச அணைச்ச மாதிரி."

இதை அவர் மெக்கானிக்கிடமும் சொல்லியிருக்க வேண்டும். டீசல் வரத்துக் குறைந்தால் இஞ்சின் அப்படிச் சாகாது. சத்தம் ஏறும், இறங்கும், தடுமாறும், அப்புறம்தான் அடங்கும். டக்கென்று நிற்கிறதென்றால் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். டீசல் இஞ்சினுக்கு பிளக் கிடையாது, ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கு மின்சாரம் தேவையில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பழைய இஞ்சின்களுக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் சில இஞ்சின்களில் டீசல் போகும் வழியை ஒரு சொலனாய்டு திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கண நேரம் விட்டுப்போனாலும் வழி மூடிவிடும். அப்பாவின் இஞ்சின் அந்த வகை.

அப்படியானால் பத்து நிமிடம் கழித்து எப்படி ஓடியது? இதில்தான் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். நின்றதும் அப்பா கீழே இறங்கி, கைப்பம்ப்பை அடித்து, டீசல் குழாயில் காற்று வெளியேற்றுவார். பிறகு சாவியைத் திருகுவார், ஓடும். ஆகவே டீசலில்தான் கோளாறு என்று முடிவு. உண்மையில், மூடிய சொலனாய்டை மறுபடி இழுத்துத் திறக்க வலுவான மின்னோட்டம் வேண்டும். அந்த இஞ்சினில் அது ஸ்டார்ட் செய்யும்போதுதான் கிடைக்கும். காற்று எடுக்காமல் சாவியை மட்டும் திருகியிருந்தாலும் ஓடியிருக்கும்.

முதல் நாள் நான் தோற்றேன். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாமே பீப் அடித்தது. தொழிற்சாலையில் புதுப் பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அன்றைக்கு எனக்கு மறந்துவிட்டது: மீட்டர் அனுப்புவது துளி மின்னோட்டம். முப்பது இழையில் ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பீப் அடிக்கும். வேலை செய்யும்போதுதான் அந்த வயரின் யோக்கியதை தெரியும்.

மறுநாள் அப்பாவும் நானும் மட்டும் படகை எடுத்தோம். சொலனாய்டில் மீட்டரின் இரண்டு கிளிப்பையும் மாட்டி, இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். 13.8 வோல்ட். ஆற்றுவாய் தாண்டும்வரை அது அசையவில்லை. பங்கோர் தெற்கு முனையைக் கடந்ததும் அலை பலகையில் அறைய ஆரம்பித்தது. 13.6. ஓர் அலைக்கு 11. உடனே மீண்டும் 13.6. எனக்கு டீசல் நாற்றத்தில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கண்ணை எடுக்கவில்லை. 9, 6, அதோடு நிசப்தம்.

கடலில் இஞ்சின் நிற்கிற அந்த நிசப்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தூரத்தில் மலாக்கா நீரிணையில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. இதே இடத்தில் ஆறு பேரை வைத்துக்கொண்டு அப்பா தனியாக நின்றிருக்கிறார்.

அவர் கைப்பம்ப்பை எடுக்கப் போனார். "வேணாம்பா, சாவிய மட்டும் திருகுங்க." திருகினார். ஓடியது. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். வழியைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். சாவிப் பலகையில் வோல்ட் அசையாமல் நின்றது, இஞ்சின் பக்கம் ஆடியது. ஆக, கோளாறு நடுவில் ஓடும் நாலு மீட்டர் வயரில். துறைக்குத் திரும்பி, பக்கப் பலகையைக் கழற்றினேன்.

அடியில், நீர் தேங்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் இருந்தது. அதை யார் போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டேப்பின் முனையை மடித்து ஒட்டுகிற பழக்கம் என்னுடையது.

2014, ஈப்போ பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தபோது சாவிப் பலகையைச் சுக்கான் பக்கம் மாற்றிக் கொடுத்தேன். வயர் ஒரு மீட்டர் எட்டவில்லை. வீட்டில் மிச்சம் கிடந்த சாதாரண செம்பு வயரை முறுக்கி இணைத்து, டேப் சுற்றினேன். உப்புக் காற்றில் வெறும் செம்பு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்பே இல்லை, பச்சைக் களிம்புதான். தேவார வகுப்பில் ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வார்களே, செம்பில் களிம்பு, அதை அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

"நான் போட்டதுப்பா," என்றேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். "ஒம்போது வருஷம் ஓடியிருக்கே," என்றார். அவ்வளவுதான்.

ஈயம் பூசிய வயரும், முனை அழுத்தும் கருவியும் இரவல் வாங்க மெக்கானிக் கடைக்குப் போனேன். சீனர், அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் மலாயில் சொன்னார்: "இரண்டாவது தடவை நின்றபோதே வயரைப் பார்க்கிறேன் என்றேன். உன் அப்பா விடவில்லை. வயரிங் என் மகன் செய்தது, அதில் தப்பு இருக்காது, பம்ப்பைப் பார் என்றார்."

கருவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் காரை உடனே எடுக்கவில்லை.

புது வயரை நடுவில் இணைப்பே இல்லாமல் முழு நீளமாக, நீர் எட்டாத உயரத்தில் ஓட்டினேன். அரை மீட்டருக்குள் ஒரு பிடி. முனைகளில் சூடு காட்டினால் உள்ளே பசை உருகி இறுகும் உறை. மூன்று மணி நேர வேலை. சாமானுக்கு எண்பது வெள்ளிகூட ஆகவில்லை. படகை விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

சாயங்காலம் மெக்கானிக் கருவியைத் திரும்ப வாங்க வந்தார். பலகையில் கிடந்த பழைய ஜாயிண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பழைய ஓனர் போட்டது."

மெக்கானிக் தலையாட்டினார். "பழைய ஓனருங்க அப்படித்தான்," என்று சொல்லி, அந்த ஜாயிண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் படகை அப்பா புதிதாகக் கட்டச் சொல்லி வாங்கியது. இஞ்சினை ஏற்றி மாட்டிக் கொடுத்ததே அவர்தான்.